அந்தக் கடைசி மூன்று எங்கிருந்து வந்தது?

போன வாரம் ஒரே நாளில் அந்த வீட்டைச் சேர்ந்த மூவரும் ஆளுக்கொரு காரியம் செய்தார்கள்.

கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா, ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக் கையெழுத்துப் போட்டார். கல்லூரியில் நுண்கணிதம் நடத்தும் அம்மா, கரும்பலகையில் ஒரு வரியின் கடைசியில் வர வேண்டிய மூன்றை எழுதாமல் விட்டாள். அதே வகுப்பில் மாணவியாக உட்கார்ந்திருந்த மகள் அதைப் பார்த்தாள். பார்த்தும் வாய் திறக்கவில்லை.

இவற்றில் முதலாவது மட்டும்தான் அம்மாவுக்குத் தெரியும்.

இன்று காலை அம்மா குளிர்சாதனப் பெட்டியின் கதவில் விரலால் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கதவு, வெறும் விரல். எழுதியது எதுவும் தெரியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து பார்த்தாள்.

மேசைமேல் சாய்த்து வைத்திருந்த போனில் அப்பாவின் முகம் இருந்தது. அவருக்குப் பின்னால் காற்று இரைந்தது.

"என்ன டீச்சரம்மா, இன்னைக்குப் பரீட்சை உங்களுக்கா, பசங்களுக்கா?"

"எனக்குத்தான். தலைவர் கடைசி பெஞ்சுல உக்காந்து எனக்கு மார்க் போடப்போறாரு."

"பயம் வந்தா என்னை நினைச்சுக்கோ."

"உங்களை நினைச்சா எனக்குத் தூக்கம்தான் வரும்."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு இரண்டு கடல் தாண்டி வருவதால் கொஞ்சம் தாமதித்துத்தான் வரும். அது வந்து சேரும்வரை அம்மா போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குட்டி எங்க?"

"இங்கதான்பா இருக்கேன்," என்றாள் மகள், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

"அம்மாவுக்கு வேலை நிரந்தரமாயிட்டா அன்னைக்கே நான் கிரேன்லேருந்து இறங்கிடுவேன். ஒப்பந்தமாவது ஒண்ணாவது. யாராவது ஓட்டிக்கட்டும்."

"இறங்குறதுக்கு முன்னாடி தூக்கின சுமையைக் கீழ வச்சிட்டு இறங்குப்பா."

மறுபடி சிரிப்பு. மறுபடி தாமதம்.

ஆறு வருடமாக அம்மா தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு வருடமும் கல்லூரி திறக்கும்போது அவளுக்கு மேசை உண்டா இல்லையா என்று யாராவது சொல்ல வேண்டும். இந்த முறை நிரந்தர இடம் ஒன்று காலியாகியிருந்தது. துறைத்தலைவர் இன்று ஒரு மணிநேரம் அவள் வகுப்பில் உட்காருவார். நாளைக் காலை அவருடைய பரிந்துரை மேலே போகும். இருவர் சம்பளம் ஒருவர் சம்பளமானாலும் சமாளிக்கலாம் என்றால் அப்பா வீட்டுக்கு வந்துவிடலாம்.

போன் அணைந்ததும் மகள் எழுந்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"காலேஜ் விஷயமா?"

"ஆமா."

"அப்போ வீட்டுல வேண்டாம்."

"காலேஜ்ல சொல்ல முடியாதும்மா."

"அங்கயும் சொல்ல முடியாது, இங்கயும் சொல்லக் கூடாதுன்னா, அது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை." அம்மா செருப்பைத் தேடினாள். "ரூல்னா ரூல்தான்."

அந்த விதியை வருட ஆரம்பத்தில் இருவரும் சேர்ந்துதான் போட்டார்கள். கல்லூரியில் அவர்கள் அம்மாவும் மகளும் இல்லை. வீட்டில் ஆசிரியையும் மாணவியும் இல்லை. மகள் வீட்டில் பாடத்தில் சந்தேகம் கேட்கக் கூடாது. அம்மா வகுப்பில் மகளிடம் கேள்வி கேட்கக் கூடாது. போவதும் வேறு வேறு பேருந்தில். யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர்களும் பேசிக்கொள்ளவில்லை.

அம்மா கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அடுத்த பேருந்துக்காக மகள் காத்திருந்தாள்.

*

வகுப்பில் தலைவர் ஏற்கனவே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கால்கள் நீளம். முழங்கால் பெஞ்சுக்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சைபர். வழுக்கைத் தலையைப் பார்த்து வைத்ததா, அவர் போடும் மதிப்பெண்ணைப் பார்த்து வைத்ததா என்பதில் இரண்டு கட்சி உண்டு.

அம்மாவுக்கும் பெயர் உண்டு. 'புரிஞ்சுதா மேடம்.'

"இன்னைக்குப் 'புரிஞ்சுதா' பாவம்டி," என்று மகளின் காதில் கிசுகிசுத்தாள் பக்கத்து இருக்கைக்காரி. வாய் ஓயாதவள் என்பதால் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். கிசுகிசுத்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று நினைவு வந்து, "உன்னைச் சொல்லல," என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியவில்லை.

அம்மா உள்ளே வந்தாள். குரலில் நடுக்கம் இல்லை. சாக்பீஸை எடுத்தாள்.

அடைப்புக்குறிக்குள் மூன்று எக்ஸும் ஒன்றும். அடைப்புக்கு வெளியே, தலைக்குமேல் அடுக்காக ஐந்து.

"இதை வகையிடணும். வெளியே இருக்கற ஐந்து நமக்குத் தெரிஞ்ச ஆள். ஆனா உள்ளே ஒருத்தர் சும்மா உக்காந்திருக்கலை. எக்ஸ் மாறும்போது அவரும் மாறிக்கிட்டே இருக்காரு. வெளியே எவ்வளவு வேகமா மாறுதுன்னு மட்டும் கேட்டுட்டு வந்துட்டா, உள்ளே இருக்கறவர் கோவிச்சுப்பாரு. அவரையும் ஒரு வார்த்தை கேட்கணும். புரிஞ்சுதா?"

தலைகள் ஆடின.

ஆசிரியர்களுக்கு அந்தத் தலையாட்டல் பெரிய விஷயம். பாடம் போய்ச் சேர்ந்ததற்கு அவர்களுக்குக் கிடைக்கும் ரசீது அது ஒன்றுதான். மாணவர்களுக்கு அது வேறு. அடுத்த வரிக்குப் போகலாம் என்ற அனுமதி. கேள்வி முடிந்தால் மணி அடிக்கும் நேரம் கொஞ்சம் நெருங்கும்.

அம்மா ஐந்தை முன்னால் இறக்கினாள். அடுக்கை நான்காக்கினாள். அடைப்புக்குள் இருந்ததை அப்படியே வைத்தாள். கடைசியில் ஒரு பெருக்கல் குறி போட்டு மூன்று என்று எழுதினாள்.

மகள் மூச்சை விட்டாள். இன்று சரியாக எழுதிவிட்டாள். அவ்வளவுதான், இனி ஒன்றும் ஆகாது.

அப்போது முதல்முறையாக அந்த வகுப்பில் ஒரு கை உயர்ந்தது.

மூன்றாவது வரிசையில் இருந்த நெட்டைப் பையனின் கை அது. எழுந்தால் மின்விசிறியில் தலை இடிக்கும் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அவன் இதுவரை எதற்கும் எழுந்ததில்லை.

"மேடம், அந்தக் கடைசி மூணு எங்கிருந்து வந்துச்சு?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. "நல்ல கேள்வி. உள்ளே இருக்கற மூணு எக்ஸை வகையிட்டா..."

"இல்ல மேடம். போன வாரம் இதே மாதிரிக் கணக்குல அது இல்லையே. நீங்க போடலையே."

கடைசி பெஞ்சில் பேனா ஓடும் சத்தம் நின்றது.

"போட்டிருப்பேன். நீங்க எழுதும்போது விட்டிருப்பீங்க."

"எல்லாரும் சேர்ந்தா விட்டோம் மேடம்?"

யாரோ சிரித்தார்கள். இன்னும் இரண்டு பேர், "ஆமா மேடம், இல்ல மேடம்," என்றார்கள். இத்தனை நாள் கல்லாய்ச் சமைந்திருந்த வகுப்பு அசைந்தது. அவர்கள் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையிலேயே குழம்பியிருந்தார்கள். போன வாரம் ஒரு சடங்கு, இந்த வாரம் வேறு சடங்கு. நேற்று முன்தினம் பரீட்சையில் பழைய சடங்கைத்தான் ஒரு எழுத்து பிசகாமல் செய்துவிட்டு வந்திருந்தார்கள்.

"இவ்வளவு அடிப்படையான விஷயத்தை நான் விடுவேனா?" என்றாள் அம்மா. பொய் சொல்லவில்லை. தான் எழுதியதாகவே அவள் நம்பினாள். ஆனால் குரல் கொஞ்சம் மேலே போய்விட்டது.

நெட்டை உட்காரவில்லை. தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் கண்கள் பெஞ்சு பெஞ்சாக வந்தன. எல்லா முகத்தையும் தாண்டி மகளிடம் வந்து நின்றன.

"நீ சொல்லுடா. நான் போட்டேனா, இல்லையா?"

வகுப்பு மொத்தமும் திரும்பியது.

வருடம் முழுக்க அம்மா அந்த முகத்தை வகுப்பில் பார்த்ததே இல்லை. பார்த்தாலும் ஜன்னலைப் பார்ப்பதுபோல்தான் பார்த்திருக்கிறாள். இப்போது பார்த்தாள். வீட்டில் சாவியை எங்கே வைத்தேன் என்று கேட்கும்போது பார்ப்பதுபோல. இந்த உலகத்தில் அதைத் தெரிந்து வைத்திருக்க இன்னொரு ஆள் இருக்கிறாள் என்பதுபோல.

மகள் எழுந்தாள். நெட்டை இந்தப் பக்கம் நின்றான். அம்மா அந்தப் பக்கம் நின்றாள். எங்கோ ஒரு துறைமுகத்தில் அப்பா உயரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"போட்டீங்க மேடம்."

"கொஞ்சம் சத்தமா."

"மூணு போட்டீங்க. நான் எழுதியிருக்கேன்."

நோட்டைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. நெட்டை மெதுவாக, மடங்கி மடங்கி, உட்கார்ந்தான்.

"பார்த்தீங்களா?" என்றாள் அம்மா. குரல் பழைய இடத்துக்கு இறங்கியிருந்தது. "போர்டைப் பார்த்து எழுதறதுக்குக்கூடக் கவனம் வேணும். சரி, அடுத்தது. புரிஞ்சுதா?"

தலைகள் ஆடின.

*

கேன்டீனில் மகள் தட்டோடு வந்தபோது, வழக்கமான மேசையில் இடம் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் ஒரு பை வைக்கப்பட்டிருந்தது. அவள் நின்றாள். யாரும் பையை எடுக்கவில்லை.

"எனக்கு இந்த கால்குலஸ் எப்படி இருக்கு தெரியுமா?" என்று நெட்டை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். "பாஷை தெரியாத வீட்டுக்கு விருந்துக்குப் போன மாதிரி. எல்லாரும் சிரிக்கும்போது நாமளும் சிரிக்கணும். அவங்க கை கழுவினா நாமளும் எழுந்துடணும். இன்னைக்குத்தான் முதல்தடவையா வாயைத் திறந்து, 'இது என்னங்க'ன்னு கேட்டேன். கேட்டது தப்பாப் போச்சு."

"விடுடா. அவங்க வீட்டுப் பாஷை அது," என்றான் இன்னொருவன். "பொறந்ததுலேருந்து பேசறவங்க இருக்காங்க."

மேசை சிரித்தது. மகள் தட்டோடு ஜன்னலோர மேசைக்குப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பட்டாசு வந்து எதிரில் நின்றாள். உட்காரவில்லை.

"நான் உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன் அன்னைக்கு?"

மகள் தட்டைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"மேடம் அந்த வரியை முடிச்சதும், 'மூணு வரணுமே'ன்னு நீயே முணுமுணுத்தே. எனக்குக் காது கேட்கும்டி. வாய் மட்டும்தான் வேலை செய்யும்னு நினைச்சியா?"

"மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் பேசறேன். எனக்குப் புரியல, அதனால போர்டுல இருந்ததை அப்படியே எழுதினேன். உனக்குப் புரிஞ்சுது. அப்புறம் என்ன? அன்னைக்கே கையைத் தூக்கி, 'மேடம், மூணு'ன்னு ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாரும் தப்பிச்சிருப்போம். நெட்டை ஏற்கனவே இதுல ரெண்டு தடவை விழுந்தவன். இந்தத் தடவையும் போச்சுன்னா படிப்பை நிறுத்திட்டு வேலைக்குப் போன்னு அவன் வீட்டுல சொல்லிட்டாங்க. அவனைப் போய் எல்லார் முன்னாடியும் பொய்யன் ஆக்கிட்டியே."

"யார்கிட்டயாவது சொல்லப்போறியா?"

"சொல்ல மாட்டேன்." பட்டாசு பையைத் தோளில் மாட்டினாள். இவ்வளவு அடங்கிய குரலில் அவள் பேசி மகள் கேட்டதே இல்லை. "ஆனா நாளைலேருந்து என் பக்கத்துல உக்காராதே."

ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேர் ஒரு மிதிவண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பிடித்துக்கொண்டே ஓடினான். பிறகு சொல்லாமல் விட்டுவிட்டான். மகள் அதைப் பார்த்துக்கொண்டே ஆறிப்போனதைச் சாப்பிட்டு முடித்தாள்.

*

ஆசிரியர் அறையில் தலைவர் கதவருகில் நின்று இரண்டே வாக்கியம் சொன்னார். "நல்லா இருந்துச்சு மேடம். உங்க கிளாஸ்ல பசங்க கேள்வி கேட்கறாங்களே, அதுவே பெரிசு." பிறகு திரும்பி, "காலையில கடிதம் மேலே போயிடும்," என்றார்.

அம்மா நன்றி சொன்னாள். அவர் போனபிறகும் அந்தக் கதவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சொல்வதற்குப் பக்கத்தில் யாராவது இருந்தால் நன்றாக இருக்கும். துறைமுகத்தில் இது வேலை நேரம். மகளிடம் வீட்டில் சொல்லலாமா, இது கல்லூரிப் பேச்சா என்று யோசித்தாள்.

"உங்க பேப்பர் திருத்திட்டேன்," என்று விடைத்தாள் கட்டு ஒன்றை மேசையில் வைத்தார் மீசைக்காரர். இன்னொரு பிரிவுக்கு அதே பாடம் நடத்துபவர். அவர் வகுப்புத் தாளை இவளும், இவள் வகுப்புத் தாளை அவரும் திருத்துவது அங்கே வழக்கம். "ஒரு அதிசயம் பாருங்க. உங்க பசங்க எல்லாரும் ஒரே குழியில விழுந்திருக்காங்க."

"எந்தக் கணக்கு?"

"அந்தச் சங்கிலி விதிதான். உள்ளே இருக்கறதை வகையிடவே இல்லை. பரீட்சையில அதுக்குத்தான் பாதி மார்க். காப்பி அடிச்சாக்கூட ரெண்டு பேர் தப்பாக் காப்பி அடிச்சிருப்பாங்க. இவங்க ஒருத்தர்கூடப் பிசகல."

"கவனிக்காம எழுதறாங்க சார். இன்னைக்கு கிளாஸ்லயே பார்த்தேன்."

மீசைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு என்னமோ ரொம்பக் கவனிச்சு எழுதியிருக்காங்கன்னு தோணுது," என்றார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தாள் மட்டும் வேற மாதிரி. மேல வச்சிருக்கேன். என்ன மார்க் போடறதுன்னு தெரியல. நீங்களே பாருங்க." அவர் தன் வகுப்புக்குப் போய்விட்டார்.

தாளில் எண் மட்டும்தான் இருந்தது, பெயர் இல்லை. பெயர் தேவைப்படவில்லை. எக்ஸை முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வளைவுகளாக எழுத அந்தக் கைக்குச் சொல்லிக்கொடுத்தவளே அம்மாதான்.

கணக்கு சரியாகப் போடப்பட்டிருந்தது. ஐந்து, நான்கு, அடைப்பு, கடைசியில் மூன்று. அதன்மேல் ஸ்கேல் வைத்து ஒரு நேர்கோடு. கோபத்தில் அடித்ததில்லை, நிதானமாக அடித்தது. அதற்குக் கீழே மறுபடியும் அதே விடை, மூன்று இல்லாமல்.

தப்பாகப் போட்டுவிட்டுத் திருத்துவார்கள். இது தலைகீழாக இருந்தது. சரியான விடை கையில் இருக்கும்போது யார் அதை அடித்துவிட்டுத் தவறானதை எழுதுவார்கள்? வகுப்பில் எது எழுதப்பட்டது என்று தெரிந்தவர்கள்.

அம்மா நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். இப்போது போன வாரத்தின் அந்த நாள் நினைவுக்கு வந்தது. பெருக்கல் குறிக்கு முன்னால் கை நின்ற இடம் வந்தது. மேசைமேல் போன் அதிர்ந்தது. எடுக்கக் கூடாது. ஆனால் காலையிலிருந்து அதற்காகத்தான் காத்திருந்தாள். எட்டிப் பார்த்தாள். 'நீட்டியாச்சு. இரண்டு வருஷம். கோவிச்சுக்காதே.' பலகைக்குத் திரும்பியபோது அந்த வரி முடிந்துவிட்டதாகவே தெரிந்தது. அடுத்த கணக்கை ஆரம்பித்தாள். புரிஞ்சுதா என்று கேட்டாள். தலைகள் ஆடின.

அவள் எழுந்து தலைவரின் அறைக்கு ஓடினாள். பூட்டியிருந்தது.

*

அம்மா வீட்டுக்கு வந்தபோது மகள் கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா விட்டுப்போன சட்டை ஒன்றையும் யாரோ துவைத்திருந்தார்கள். யாரும் போடாத சட்டை அது.

"நான் போடலைன்னு உனக்குத் தெரியும்," என்றாள் அம்மா.

மகளின் கை நின்றது. "இது வீடும்மா. காலேஜ் பேச்சு..."

"ரூலைத் தூக்கிக் குப்பையில போடு. எப்பத் தெரியும்?"

"நீ எழுதின நிமிஷமே."

"ஏன் சொல்லல?"

"யாரா சொல்றது? ஸ்டூடண்டா எழுந்து சொன்னா, அம்மாவை மடக்கிட்டா பாருன்னு சொல்வாங்க. பொண்ணா வந்து சொல்ல இங்க இடமே இல்லை. காலையிலகூடச் சொல்ல வந்தேன். நீ செருப்பைத் தேடிட்டு இருந்தே."

அம்மா உட்கார்ந்தாள். மடித்த துணிகளின் மேலேயே உட்கார்ந்தாள்.

"பரீட்சையில சரியா எழுதினியே. அதை ஏன் அடிச்சே?"

"எனக்கு மட்டும் சரியா வந்திருந்தா, நீ வீட்டுல சொல்லிக் குடுத்தேன்னு பேசுவாங்க. உன் வேலைக்கு வம்பாகும்." மகள் ஒரு காலுறையின் ஜோடியைத் தேடினாள். "அது மட்டும் இல்ல. எல்லாரும் தப்பாத்தான் எழுதப்போறாங்கன்னு எனக்குத் தெரியும். அந்தத் தப்புல நானும் கூட இருக்கணும்னு தோணுச்சு. ஒரு தடவையாவது."

"சரியான விடையை அடிக்கிறதுக்கு எவ்வளவு..." அம்மா முடிக்கவில்லை. "சரி, அது உன்னோட தாள். இன்னைக்கு? அந்தப் பையன் நின்னுக்கிட்டே இருந்தானே. அவன் சொன்னதுதானே உண்மை. நான் உன்கிட்ட கேட்டப்போ, போடலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ மேடமா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"அப்போ எப்படிக் கேட்டேன்?"

"அம்மாவா கேட்டே."

பக்கத்து வீட்டில் குழாய் திறந்தது, தண்ணீர் விழுந்தது, மூடியது. அதற்குள் அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்தாள்.

"யாருக்கும்மா?"

"தலைவருக்கு."

"நீ சொன்னா அப்பா வர மாட்டாரு."

"தெரியும்."

"நாளைக்கு வகுப்புல சொல்லு. கடிதம் போனதுக்கு அப்புறம் சொல்லு. மார்க்கு அப்பக்கூடக் குடுக்கலாமே."

அம்மா மகளைப் பார்த்தாள். அந்த யோசனை தனக்கும் வந்தது என்று அவள் சொல்லவில்லை. பேருந்தில் வழி முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். எண்ணை அழுத்தினாள்.

தலைவர் உற்சாகமாக இருந்தார். அவர் குரல் போனைத் தாண்டிக் கூடம் முழுக்கக் கேட்டது. "வாங்க மேடம், வாங்க. இப்பத்தான் உங்க கடிதத்துல கடைசி வரி எழுதிட்டு இருந்தேன்."

"சார், போன வாரம் அந்த மூணை நான் போடல. பசங்க எழுதினது நான் எழுதினதுதான். அந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் முழு மார்க் குடுக்கணும். அந்தப் பையன்கிட்ட நாளைக்கு வகுப்புல நானே சொல்லிடறேன்."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"போர்டுல தப்பு எல்லாருக்கும் வரும் மேடம். நானே போட்டிருக்கேன். அதுக்காக நான் கடிதத்தைக் கிழிக்க மாட்டேன்."

மகள் நிமிர்ந்தாள். அம்மாவின் தோள் இறங்கியது.

"ஆனா," என்றார் தலைவர். இப்போது குரல் சின்னதாகிவிட்டது. "இன்னைக்கு உங்க பொண்ணு எழுந்து, போட்டீங்கன்னு சொன்னா. நான் எழுதியிருக்கேன்னு வேற சொன்னா. என் முன்னாடி, அத்தனை பேர் முன்னாடி. அவ தானா சொன்னாளா? இல்ல, இப்படி ஏதாவது வந்தா இப்படிச் சொல்லுன்னு வீட்டுலயே பேசிட்டு வந்தீங்களா?"

அம்மா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"பேசி வச்சதுன்னா அது உங்க மேல. தானா சொன்னாள்னா அது அவ மேல. பரீட்சைத் தகராறுல பொய் சொன்ன ஸ்டூடண்டுக்கு இங்க என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியும். எதுன்னு எனக்குத் தெரியணும்."

மகள் இரண்டு கையாலும் சைகை காட்டினாள். நான்தான், நான்தான் என்று நெஞ்சில் தட்டினாள்.

அம்மா மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பேசி வச்சதுதான் சார்," என்றாள்.

"அம்மா!"

அந்தக் குரல் மறுமுனைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"நாளைக் காலையில ரெண்டு பேரும் என் ரூமுக்கு வாங்க," என்றார் தலைவர். "முதல்ல உங்க பொண்ணு. அப்புறம் நீங்க. தனித்தனியாக் கேட்பேன்."

போன் அணைந்தது. அம்மா எழுந்து, தான் உட்கார்ந்து கசக்கிய துணிகளை மறுபடி உதறி மடிக்க ஆரம்பித்தாள். மகள் எதிரில் உட்கார்ந்து மற்ற பாதியை எடுத்துக்கொண்டாள்.

நாளை நீ என்ன சொல்லப்போகிறாய் என்று அம்மா கேட்கவில்லை. மகளும் சொல்லவில்லை. துணிகள் மட்டும் இரண்டு அடுக்காக உயர்ந்துகொண்டிருந்தன.